25565-ஆம் போர்ட் திறந்த கதை

எனக்கு போர்ட் என்றால் துறைமுகம்தான். தண்டையார்பேட்டையில் வீடு, ராஜாஜி சாலைப் பக்கம் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பேப்பர் வேலை. கன்டெய்னர் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, யாரிடம் பேசினால் நகரும் என்று கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. போன கோடை லீவில் வேறொரு வகை போர்ட்டை, அதாவது கம்ப்யூட்டருக்குள் வெளியிலிருந்து வருவதற்கான எண் போட்ட வாசலை, திறக்கப் போய் இரண்டரை வாரம் அல்லாடினேன்.

அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான். மைன்கிராஃப்ட் பைத்தியம். கொடுங்கையூரில் ஒரு நண்பன், எண்ணூரில் ஒருவன், ஓசூருக்கு மாற்றலாகிப் போன சித்தப்பா மகன் ஒருவன். நாலு பேரும் ஒரே உலகத்தில் விளையாட வேண்டும். அந்த உலகத்தை ஓட்டும் கம்ப்யூட்டரான சர்வரை மாதா மாதம் காசு கட்டி எடுக்கலாம்தான். ஆனால் "நம்மகிட்ட சும்மா ஒரு கம்ப்யூட்டர் கிடக்குதே மாமா" என்றான். கிடந்தது உண்மை. ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 8 ஜிபி ரேம். நாலு பிள்ளைகளுக்கு அது தாராளம்.

சர்வரைப் போடுவது அரை மணி நேர வேலை. அப்போதைய பதிப்புக்கு ஜாவா 21 வேண்டியிருந்தது, விதிமுறைகளுக்கு ஒப்புதல் கேட்கும் ஃபைலில் 'ஃபால்ஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்க வேண்டும், அவ்வளவுதான். அதே கம்ப்யூட்டரில் விளையாட்டைத் திறந்து 'லோக்கல்ஹோஸ்ட்' (இதே கம்ப்யூட்டர் என்று அர்த்தம்) என்று அடித்ததும் உள்ளே போய்விட்டான். அன்று ராத்திரி வீட்டில் ஒரே கொண்டாட்டம்.

மறுநாள் காலையில் எண்ணூர் பையன் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்'.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது முதல் நாளே தெரிந்திருந்தால் எனக்குப் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும். மைன்கிராஃப்ட் முக்கியமாக இரண்டு விதமாகக் கைவிரிக்கும். 'டைம்டு அவுட்' என்றால் தட்டிய சத்தத்துக்குப் பதிலே வரவில்லை. வழியில் எங்கேயோ தொலைந்தது, அல்லது ஃபயர்வால் என்ற காவல்காரன் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு இயந்திரம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே அந்த போர்ட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை. எங்கள் தொழிலில் சொன்னால், முதலாவது வண்டி எந்த ஜங்ஷனில் நிற்கிறது என்றே தெரியாத நிலை. இரண்டாவது, கேட் வரை வந்துவிட்டது, "இந்த நம்பர் எங்க லிஸ்ட்ல இல்ல" என்று செக்யூரிட்டி திருப்பி அனுப்புகிற நிலை. ஜீரோ கேட்டுக்கு வெளியே காசிமேடு வரைக்கும் டிரெய்லர் வரிசை நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே புரியும்.

சரி, வெளியாட்களை விடுவோம், வீட்டுக்குள்ளேயே பார்ப்போம் என்று என் லேப்டாப்பை எடுத்தேன். அதே வைஃபை, அதே வீடு. அதற்கும் டைம்டு அவுட். கமாண்ட் விண்டோவில் 'நெட்ஸ்டாட்' போட்டுப் பார்த்தால் மைன்கிராஃப்ட்டின் போர்ட் எண்ணான 25565 'லிசனிங்' என்று காட்டுகிறது. சர்வர் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் அதே கம்ப்யூட்டரின் ஃபயர்வால்தான். உள்ளே வரும் இணைப்புகளுக்கான பட்டியலில் 25565-க்கு டிசிபி (தகவல் அனுப்பும் முறைகளில் ஒன்று) அனுமதி ஒன்று எழுதினேன். நெட்வொர்க் வகை 'பப்ளிக்' என்றிருந்ததை 'பிரைவேட்' ஆக்கினேன். அப்போதும் நகரவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க இதிலேயே போனது.

கடைசியில் பையனே ஒத்துக்கொண்டான். முதல் தடவை சர்வரை ஓட்டியபோது விண்டோஸ் ஒரு பெட்டி காட்டி "ஜாவாவை அனுமதிக்கலாமா" என்று கேட்டிருக்கிறது. இவன் கேன்சல் அழுத்தியிருக்கிறான். கேன்சல் அழுத்தினால் விண்டோஸ் சும்மா விட்டுவிடாது, ஜாவாவைத் தடுக்கச் சொல்லி ஒரு விதியை எழுதி வைத்துவிடும். அனுமதி விதியும் தடை விதியும் மோதினால் ஜெயிப்பது தடைதான். பட்டியலில் தேடினால் ஜாவாவுக்கு எதிரே சிவப்புக் குறியோடு இரண்டு வரிகள். நீக்கினேன். லேப்டாப் உள்ளே போனது.

அடுத்தது போர்ட் ஃபார்வர்டிங். வெளியே இருந்து 25565 என்று கேட்டு வருபவரை வீட்டுக்குள் எந்த இயந்திரத்திடம் அனுப்ப வேண்டும் என்று ரவுட்டரிடம் சொல்லி வைப்பது. எழுதினேன், சேவ் பண்ணினேன், என் போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் போர்ட் சோதிக்கும் தளம் ஒன்றைத் திறந்து பார்த்தேன். மூடியிருக்கிறது என்றது.

எங்கள் வீடு இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் மாதிரி ரயில்பெட்டி போல நீளம். வாசல் அறையில் கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டி. அதன் வைஃபை பின்கட்டுக்கு எட்டாது என்று இரண்டு வருடம் முன்னால் நானே ஒரு ரவுட்டர் வாங்கி அதோடு கோத்திருந்தேன். நான் விதி எழுதியது இந்தப் பின்கட்டு ரவுட்டரில். அதன் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வான் ஐபி' என்று ஒரு வரி இருக்கும், அதுதான் ரவுட்டரின் வெளிப்பக்க இணைய முகவரி. அதில் 192.168.1.3 என்றிருந்தது. 192.168 என்று தொடங்குவது வீட்டுக்குள் புழங்கும் முகவரி. அதாவது என் ரவுட்டரின் வெளிவாசல் தெருவில் திறக்கவில்லை, ஃபைபர் பெட்டியின் ஹாலில் திறக்கிறது. இரண்டு பெட்டிகளும் தனித்தனியாக முகவரி மாற்றிக்கொண்டிருந்தன. 'டபுள் நாட்' என்பது இதுதான், நாட் என்றால் முகவரி மாற்றுவது. பின்கட்டு ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' நிலைக்கு மாற்றினேன். அது இனி வைஃபையை நீட்டும் வேலையை மட்டும் பார்க்கும். விதியை ஃபைபர் பெட்டியில் எழுதினேன். ரொம்ப நம்பிக்கையோடு சோதித்தேன்.

மூடியிருக்கிறது.

அதே வரியை ஃபைபர் பெட்டியிலும் பார்க்க வேண்டும் என்று எனக்கு உடனே தோன்றவில்லை. நாலு நாள் கழித்துத்தான் தோன்றியது. அந்த நாலு நாளில் பெட்டியை ரீசெட் செய்தேன், போர்ட் நம்பரை மாற்றினேன், வேண்டாத வேலையாக ஃபயர்வாலையே முழுசாக அணைத்துப் பார்த்துவிட்டு பயந்து திரும்பப் போட்டேன். ஐந்தாம் நாள் பார்த்தபோது அங்கே இருந்த ஐபி 100.72 என்று தொடங்கியது. "என் ஐபி என்ன" என்று இணையத்தில் கேட்டால் 103 என்று தொடங்கும் வேறொன்று வந்தது. இரண்டும் ஒத்துப்போகவே இல்லை.

இதில்தான் குட்டு உடைந்தது. ஐபிவி4 என்ற பழைய முறை முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகத்தில் இருக்கும் போன்களுக்கும் டிவிகளுக்கும் அது எந்த மூலைக்கு? நம் ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் கம்பெனிகள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுக்கின்றன. நடுவில் பெரிய அளவில் முகவரி மாற்றும் இயந்திரம் அவர்களிடம் இருக்கும். 'சிஜிநாட்' என்பார்கள். இதற்கென்றே 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை சுமார் 42 லட்சம் முகவரிகளை 2012-இல் ஒதுக்கி வைத்தார்கள். என் பெட்டிக்குக் கிடைத்தது அதில் ஒன்று. 103-இல் தட்டுகிற எண்ணூர் பையனின் சத்தம் கம்பெனி இயந்திரத்தோடு நின்றுவிடுகிறது. அங்கே "25565 கேட்டால் தண்டையார்பேட்டைக்கு அனுப்பு" என்று யாரும் எழுதவில்லை, நான் எழுதவும் முடியாது. இரண்டு வாரமாக நான் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தது என் வீட்டுக் கதவுக்கு. பூட்டியிருந்தது தெருமுனை கேட்.

ஆகவே யாராவது தொடங்கப் போகிறீர்கள் என்றால் ஜாவா, ஃபயர்வால் எதையும் தொடுவதற்கு முன்னால் பெட்டி காட்டும் ஐபி, இணையம் காட்டும் ஐபி என்ற இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். மூன்று தடவையும் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றார்கள். நான் ஐபி என்றால் அவர்கள் ஸ்பீடு என்றார்கள். கோபப்பட்டுப் பயனில்லை, அவர்கள் முன்னால் இருக்கிற தாளில் அவ்வளவுதான் எழுதியிருக்கும்.

அதற்குள் வேறு வழிகளைப் பார்த்தோம். அடுத்த தலைமுறை முகவரி முறையான ஐபிவி6 இருந்தால் இந்தப் பஞ்சமே கிடையாது, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சொந்த முகவரி. எங்கள் இணைப்பில் இருந்தது. ஃபைபர் பெட்டியின் ஐபிவி6 ஃபயர்வாலில் 25565-ஐ அனுமதித்து, நீளமான முகவரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு எண்ணூர் பையனுக்கு அனுப்பினோம். மொபைல் நெட்டில் இருந்த அவன் முதல் முயற்சியிலேயே உள்ளே வந்தான்! ஆனால் ஓசூர் வீட்டு இணைப்பில் ஐபிவி6 இல்லை. பெட்டியை அணைத்துப் போட்டால் எங்கள் முகவரியின் முன்பாதி வேறு மாறிவிடுகிறது. அப்புறம் இலவச டன்னல் ஒன்று. நம் கம்ப்யூட்டரே வெளியே இருக்கும் ஒரு சர்வரோடு இணைந்து நிற்கும், நண்பர்கள் அந்த சர்வருக்கு வருவார்கள். இணைப்பு நம் பக்கத்திலிருந்து கிளம்புவதால் சிஜிநாட் குறுக்கே நிற்காது. வேலை செய்தது. ஆனால் நாங்கள் எடுத்ததன் நடுவழி சர்வர் நாட்டுக்கு வெளியே இருந்ததால் பிங், அதாவது தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம், 200 மில்லி செகண்டைத் தொட்டது. கொடுங்கையூர் பையன் வெட்டிய மரம் வெட்டாத மாதிரியே திரும்பி வந்து நின்றது. காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு நான் இன்னும் டன்னலைத்தான் சொல்வேன், சர்வர் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீர்த்து வைத்தது எங்கள் தெருவுக்கு லைன் இழுத்த கேபிள் தம்பி. மாதப் பணம் வாங்க வந்தவனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"இன்னாண்ணா, ஸ்டேட்டிக் ஐபி வேணும்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா முடிஞ்சிருக்குமே. சிசிடிவி வச்சிருக்கிற கடைக்காரங்க எல்லாம் அத்தான் வாங்குறாங்க."

ஸ்டேட்டிக் ஐபி என்றால் மாறாத, நமக்கே உரிய பொது முகவரி. வருடத்துக்கு 2,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். மூன்றாம் நாள் ஃபைபர் பெட்டியில் 100 போய் 103 வந்தது. வெளியே கேட்டாலும் அதே எண். பிள்ளைகள் நாலு பேரும் வாட்சாப் குரூப்பில் காத்திருந்தார்கள். ஓசூர் பையன் முயற்சி செய்தான்.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு.'

அவன் அழாத குறை. எனக்கு வாயெல்லாம் பல். இந்த வழியில் முதல் தடவையாக வண்டி கேட்டுக்கு வந்துவிட்டது! அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

முந்தின நாள் கரண்ட் போய் வந்திருந்தது. எழுந்த வரிசையில் ஃபைபர் பெட்டி முகவரிகளைப் புதிதாகப் பங்கு போட்டிருக்கிறது. விதியில் நான் எழுதியிருந்த 192.168.1.7 இப்போது ஹாலில் இருக்கும் டிவிக்கு. ஓசூரிலிருந்து புறப்பட்டு இத்தனை கேட் தாண்டி வந்தவன் தட்டியது டிவியை. அதற்கு மைன்கிராஃப்ட் தெரியாது, மறுத்துவிட்டது. சர்வர் கம்ப்யூட்டரின் மாறாத அடையாள எண்ணான மேக் முகவரியைக் கொடுத்து அதற்கென்று ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கச் சொன்னேன், விதியை அதற்குத் திருப்பினேன். ராத்திரி ஒன்பதரைக்கு ஓசூர், கொடுங்கையூர், எண்ணூர் மூவரும் வரிசையாக உள்ளே வந்தார்கள். பிங் இருபது, முப்பதுக்குள்.

உள்ளே வர முடியாதவன் எங்கள் வீட்டுப் பையன் மட்டும். லேப்டாப்பில் உட்கார்ந்து மற்றவர்களைப் போலவே 103 முகவரியை அடித்திருக்கிறான். வீட்டுக்குள்ளிருந்து வெளி முகவரிக்குப் போய் அப்படியே யூ-டர்ன் அடித்து உள்ளே வருவதைச் சில பெட்டிகள் அனுமதிக்காது, எங்களுடையது அந்த ரகம். வீட்டுக்குள் இருந்தால் உள் முகவரியையே அடித்துக்கொள் என்று சொன்னேன். இதனால்தான் வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதித்து ஏமாறக் கூடாது.

அடுத்த சில நாளிலேயே சர்வர் கன்சோலில் யாரென்றே தெரியாத பெயர்கள் வந்து தட்ட ஆரம்பித்தன. திறந்த 25565 எங்கே கிடைக்கும் என்று இரவு பகலாகத் தேடிக்கொண்டே இருக்கும் பாட்கள், அதாவது தானாக ஓடும் நிரல்கள், அவை. 'ஒயிட்லிஸ்ட்' போட்டு நாலு பெயர்களை மட்டும் எழுதினேன். கணக்கு உண்மையானதா என்று சரிபார்க்கும் 'ஆன்லைன் மோட்' அமைப்பை அணைக்கச் சொல்லிப் பையன் ஒரு நண்பனுக்காகக் கெஞ்சினான், கேட்கவில்லை. அதை அணைத்தால் யார் வேண்டுமானாலும் இவன் பெயரிலேயே உள்ளே வரலாம்.

பாக்கி இருந்தது அவன் தங்கை. அவளிடம் டேப்லெட், அதில் இருப்பது பெட்ராக் பதிப்பு. ஜாவா சர்வரோடு அது நேராகப் பேசாது. சர்வரை பிளகின் ஏற்கும் 'பேப்பர்' வகைக்கு மாற்றி 'கெய்சர்' என்ற பிளகினைப் போட வேண்டியிருந்தது. அவள் எங்களோடு ஓசூர் போகும்போதும் விளையாட வேண்டுமே என்று 19132-க்கும் ஒரு விதி, இந்த முறை யுடிபி, அது டிசிபி அல்லாத இன்னொரு அனுப்பும் முறை. ஒயிட்லிஸ்டில் ஐந்தாவது பெயராக அவளையும் சேர்த்தேன். சோதிக்கும் தளம் அதையும் மூடியிருக்கிறது என்றுதான் சொன்னது. அந்தத் தளம் சோதிப்பது டிசிபியை மட்டும் என்று புரிந்துகொள்ள எனக்கு இன்னொரு அரை நாள். அவளோ அதற்குள் என் போனின் ஹாட்ஸ்பாட்டைப் பிடித்து உள்ளே போய், அண்ணன் கட்டி வைத்திருந்த வீட்டின் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.