18,000 வாடகைக் கணக்கு

இன்று வேளச்சேரியில் ஒரு மின்கம்பத்தில் தொங்கிய அட்டை: "பழைய பிளாட், 2 பெட்ரூம், 60 லட்சம். 18,000 வாடகை வருது."

அந்த 18,000-இல் மெயின்டனன்ஸும் அடக்கமா? முதலில் அதைக் கேட்கணும்.

அடக்கம் என்றால், மாதம் 3,000 என்று வைத்தாலே வருடத்துக்கு 36,000 போச்சு. ஒரு மாதம் காலி என்று வைத்தால் வாடகை 1,98,000தான். சொத்து வரி, பெயின்ட், பிளம்பர் என்று ஒரு 20,000. மிச்சம் 1,42,000.

விலையும் 60-இல் நிற்காது. மறுவிற்பனைக் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ஆக 65,40,000.

வருமானம் 2.2% கூடத் தேறாது. கடனில் வாங்கினால் வட்டிக்கே காணாது.

மேல்மாடியா? சீலிங்கில் ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் ஒழுகல் அங்கேதான்.

புரோக்கர் நகர்ந்ததும் வாட்ச்மேனிடம் கேளுங்கள்: "அண்ணே, லாரித் தண்ணி எந்த மாசம் ஆரம்பிக்கும்? போன தடவை வீடு எத்தனை மாசம் காலியா கெடந்துச்சு?"

தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்ப்பார். யுடிஎஸ் (பிரிக்கப்படாத நிலத்தில் உங்கள் பங்கு) அளவை மட்டும் நீங்களே பத்திரத்தில் படியுங்கள். கட்டடம் தேயும், விலை ஏறுவது அந்த நிலப் பங்குக்குத்தான்.

ஆள் குடியிருக்கும் வீடு என்றால், அவர் கொடுத்த அட்வான்ஸைக் கிரயத் தொகையில் கழித்துக்கொள்வதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். காலி செய்யும்போது உங்களிடம்தான் கேட்பார்.