கூட்டுத்தொகை சரி, கட்டங்கள் தப்பு

விமான நிலையத் திட்டங்களுக்குப் பயணிகள் கணிப்பு செய்து தரும் சிறிய அலுவலகம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்தேன். நம் ஊர்கள் ஒரு பக்கம், வெளிநாட்டு ஊர்கள் மறுபக்கம். எங்கிருந்து எங்கே எத்தனை பேர் என்று அட்டவணையின் கட்டங்களை நிரப்ப வேண்டும்.

கையில் இருந்தது கிராவிட்டி மாடல். நியூட்டனிடம் வாங்கிய கடன்தான். ஊர் பெரிதானால் போக்குவரத்து கூடும், தூரம் கூடினால் குறையும். 1946இலேயே ஜார்ஜ் ஸிப் இதை ஊர்களுக்கிடையே மனிதர்கள் போய்வருவதற்குப் பொருத்திப் பார்த்திருக்கிறார். கட்டங்களை நிரப்பியபின் குறுக்கிலும் நெடுக்கிலும் கூட்டுத்தொகை அந்தந்த ஊரின் மொத்தப் பயணிகளோடு ஒத்துவரும்வரை மாறி மாறிச் சரிக்கட்டிக்கொண்டே போவோம்.

முதல் அட்டவணை அழகாக வந்தது. கோழிக்கோட்டிலிருந்து சிங்கப்பூருக்கு நல்ல கூட்டம்! திருச்சியிலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் சுமார் 3,000 கிலோமீட்டர்தான் என்பதால், மாடலுக்குத் திருச்சிக்காரர் எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான்.

"மொத்தம் டேலி ஆகுதே சார்" என்றேன் மேலதிகாரியிடம்.

"டேலி ஆகுறதுக்குத்தானே அந்தக் கணக்கையே போடுறோம்? ஒருநாள் ராத்திரி திருச்சி ஏர்போர்ட் வாசல்ல நின்னு பாருப்பா."

நின்றேன். புதுக்கோட்டை, பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேன்கள். ஒருவரை ஏற்றிவிடப் பத்துப் பேர். பாதிப் பேச்சில் சிங்கப்பூரும் மலேசியாவும் அடிபட்டன. 1926இல் ஓடத் தொடங்கிய ரஜுலா கப்பல் நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் போன வழியில்தான் இன்றைக்கு விமானம் போகிறது. கோழிக்கோட்டுக்காரர்களோ 1970களின் எண்ணெய்ப் பணத்தோடு வளைகுடாவுக்குப் பாதை போட்டவர்கள். முதலில் போனவர் தம்பியைக் கூப்பிடுவார், தம்பி மச்சானை. இது கிலோமீட்டரில் எங்கே தெரியும்?

(துபாய் என்று பதிவான கூட்டத்தில் ஒரு பகுதி அங்கே விமானம் மாறி லண்டன் போகிறது. அந்தத் தலைவலி தனி.)

இதற்குத் தொழிலில் ஒரு வழி உண்டு: 'கே' என்றொரு பெருக்கு எண். கட்டத்தின் கணக்கு உண்மையான எண்ணிக்கையிலிருந்து எத்தனை மடங்கு பிசகுகிறதோ அத்தனையால் பெருக்கிவிடலாம். எனக்கு அது விடையைப் பார்த்துக் கணக்குப் போடுவதாகவே பட்டது. இருபது வருடம் கழித்தும் அதே உறவு அதே அளவில் இருக்கும் என்று யார் சொன்னது? ஆனாலும் போட்டேன், வேறு வழி இல்லை.

அறிக்கையில் திருச்சி–சிங்கப்பூர் 'கே'வுக்குக் காரணம் கேட்டிருந்த இடத்தில் ரஜுலாவைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். மேலே போய்த் திரும்பி வந்தபோது கப்பல் இல்லை. 'சமூகப் பொருளாதாரக் காரணிகள்' என்று இருந்தது.