புரட்டாசியில் வந்த பார்சல்

செப்டம்பர் 17, 2024, செவ்வாய்

எதிர்வீட்டு ஆன்ட்டியின் கணக்கிலிருந்து சனிக்கிழமை 1,449 ராண்ட் போயிருக்கிறது. யார் எடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. பேங்க் அனுப்பிய எஸ்எம்எஸ்ஸில் இருந்த கடைப் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

புரட்டாசி இன்று பிறந்ததால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகளில் ஒரு மாதத்துக்குக் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. பருப்பை அடுப்பில் போட்டுவிட்டு ஆன்ட்டியோடு உட்கார்ந்தேன். "யாருக்காவது கார்டு நம்பர் கொடுத்தீங்களா ஆன்ட்டி?" என்றேன். இல்லவே இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஃப்ரீ கிரீமுக்கு தபால் செலவு மட்டும் கட்டினேன்மா, 79 ராண்ட்" என்றார்.

விஷயம் புரிந்துவிட்டது. பேஸ்புக்கில் விளம்பரம். முகச் சுருக்கத்துக்கு கிரீம், சாம்பிள் இலவசம், தபால் செலவு மட்டும் நம்முடையது. ஆகஸ்ட் 31 அன்று கார்டு போட்டுக் கட்டியிருக்கிறார். பார்சல் வந்தது செப்டம்பர் 10.

அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தோம். மேலே பெரிய சிவப்பு எழுத்தில் "இலவசம்", அதற்குக் கீழே நிமிஷம் குறைந்துகொண்டே போகும் ஒரு கடிகாரம். பக்கத்தை மூடித் திறந்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. ஆர்டர் பட்டனைத் தாண்டி, கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனால், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்தில் நிபந்தனைகள். ஆன்ட்டியின் மூக்குக்கண்ணாடி போதவில்லை. நான் விரலால் பெரிதாக்கி வாசித்தேன். சோதனைக் காலம் 14 நாள், அது ஆர்டர் போட்ட நாளிலிருந்து தொடங்கும். அதற்குள் ரத்து செய்யாவிட்டால் முழு விலை 1,449 ராண்ட் கார்டிலிருந்து எடுக்கப்படும். பிறகு மாதாமாதம் ஒரு டப்பா வரும், மாதாமாதம் அதே தொகை போகும்.

கணக்கைப் பாருங்கள். பதினாலு நாளில் பத்து நாளைத் தபாலே தின்றுவிட்டது. கிரீம் கைக்கு வந்தபோது மிச்சம் நாலு நாள். நாலு நாளில் எந்த முகத்தில் என்ன மாறிவிடும்? கிரீம் வேலை செய்கிறதா என்று பார்க்க வைத்த காலமில்லை இது. ஆள் மறந்துபோவதற்கு வைத்த காலம்.

இந்த நாட்டில் மின்னணு வணிகத்துக்கு 2002-லேயே சட்டம் வந்தாகிவிட்டது. அதன் 44-ஆம் பிரிவுப்படி, இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று திருப்பலாம். செப்டம்பர் 10-உடன் ஏழு நாளைக் கூட்டினால் இன்றைக்குத்தான் கடைசி. ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஆன்ட்டியின் பெயரில் இரண்டே வரியில் மின்னஞ்சல் அனுப்பி, அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்தோம். பருப்பு குழைந்துவிட்டது, அது பரவாயில்லை.

செப்டம்பர் 18, புதன்

சாப்பாட்டு நேரத்தில் ஆன்ட்டியுடன் பேங்குக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் முதலில் "நீங்களே கொடுத்த நம்பர்தானே?" என்றாள். கொடுத்தது 79 ராண்டுக்கு, 1,449-க்கு இல்லை என்று சொன்னதும் படிவத்தை எடுத்தாள். கார்டை நிறுத்தியாகிவிட்டது. புது கார்டு அடுத்த வாரம் வரும்.

டெபிசெக் என்று ஒன்று இருக்கிறதே, நாம் ஒப்புக்கொள்ளாமல் பணம் போகாதே என்று ஆன்ட்டி கேட்டார். அது டெபிட் ஆர்டருக்குத்தான். கணக்கிலிருந்து மாதாமாதம் பிடிக்க ஒரு கம்பெனி கேட்டால் பேங்க் முதலில் நம்மிடம் உறுதி வாங்கும். கார்டு எண்ணைக் கொடுத்துப் போகிற பணம் வேறு பாதை, அங்கே அந்தக் காவல் கிடையாது. இந்த வித்தியாசத்தை விளம்பரக்காரன் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான்.

செப்டம்பர் 20, வெள்ளி

நான் கணக்கு எழுதுகிற கெமிஸ்ட் கடைக்கு அந்த டப்பாவை எடுத்துப்போய் எங்கள் பார்மசிஸ்டிடம் காட்டினேன். அவர் திறந்து மோந்துகூடப் பார்க்கவில்லை, திருப்பித் திருப்பி லேபிளைத்தான் பார்த்தார். என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை, தயாரித்தவர் பெயரில்லை, பேட்ச் எண்ணில்லை. "வெள்ளையாக்கும் கிரீமாக இருந்தால் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார். தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுயினோன் என்ற ரசாயனம் கலந்த அழகு கிரீம்களை இந்த நாடு 1990-லேயே தடை செய்தது. அதற்கு முன்னால் அதைப் பூசி முகத்தோல் கறுத்துத் தடித்துப்போன பெண்கள் இங்கே ஏராளம். இந்தக் கிரீமில் அது இருக்கிறதா என்பதை லேபிள் சொல்லவில்லை. சொல்லாத லேபிளை நம்பி முகத்தில் எதற்குப் பூச வேண்டும்? ஆன்ட்டி நாலு நாள் பூசியிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை, நல்ல வேளை.

செப்டம்பர் 22, ஞாயிறு

இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்று மத்தியானம் உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் ஜெஸ்ஸி வில்ம்ஸ் என்கிற கனடாக்காரர் மேல் அங்குள்ள வர்த்தக ஆணையம் போட்ட வழக்கு 2012-ல் சமரசமாக முடிந்தது. அசாயி பழ மாத்திரை, பல் வெளுப்பான் என்று எல்லாமே "இலவசமாகப் போட்டுப் பாருங்கள்" சரக்கு. தீர்ப்புத் தொகை 35.9 கோடி டாலர். சொத்துகளை ஒப்படைக்க வைத்து மிச்சத்தை நிறுத்தி வைத்தார்கள்.

2019-ல் மாஸ்டர்கார்டு ஒரு விதி கொண்டுவந்தது. சாம்பிளாகப் பொருள் அனுப்பும் கடைக்காரர், சோதனைக் காலம் முடிந்து முழுப்பணம் எடுப்பதற்கு முன், தொகை, தேதி, கடைப் பெயர், ரத்து செய்யும் வழி எல்லாம் சொல்லி வாடிக்கையாளரிடம் மறுபடி சம்மதம் வாங்க வேண்டும். நல்ல விதிதான். ஆன்ட்டிக்கு அப்படி ஒரு செய்தியும் வரவில்லை.

நம்மூர்ச் சட்டமும் சளைத்ததில்லை. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 31-ஆம் பிரிவு. "நீங்கள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் ஒப்பந்தம் தானாக உறுதியாகிவிடும்" என்கிற வியாபாரமே கூடாது என்கிறது. பதில் சொல்லாமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆகையால் இப்போது யார் எந்த இலவசத்தைக் கொண்டுவந்து காட்டினாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இதை வாங்கிவிட்டு நான் அப்படியே மறந்துபோனால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது என்றால் அது சாம்பிள். பணம் போகும் என்றால் அது கடன் பத்திரம்.

கடைக்காரன் எந்த நாட்டில் இருந்தாலும் சட்டம் பொருந்தும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவனைப் பிடித்துக்கொண்டு வருவது யார்? அதனால்தான் சட்டத்தைவிட பேங்க் படிவத்தின்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

செப்டம்பர் 24, செவ்வாய் (பாரம்பரிய நாள் விடுமுறை)

நாடே பிராய் அடுப்பு மூட்டிக் கறி சுடுகிற நாள். நாங்கள் புரட்டாசிக்காரர்கள் சோளக்கதிரைச் சுட்டுச் சமாளித்தோம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாத்தனார் மகன் ஒரு லிங்க் போட்டான். ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டின் ஆண்டு விழாவாம், பரிசுப் பெட்டி இலவசமாம். தொட்டால் ஒன்பது பெட்டிப் படம் வரும், ஒன்றைத் திறக்க வேண்டும். முதல் தடவை காலி, இரண்டாவது தடவை கண்டிப்பாக விழும். வேறு வேறு போனில் நாங்கள் எல்லோரும் போட்டுப் பார்த்தோம், எல்லோருக்கும் இரண்டாவதில்தான் "அதிர்ஷ்டம்". விழுந்ததும் இருபது பேருக்கு அனுப்பச் சொல்கிறது.

இதில் ஒரு தந்திரத்தை இன்றுதான் கவனித்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி கை மாறி மாறி வந்தால் "பலமுறை அனுப்பப்பட்டது" என்று இரட்டை அம்புக்குறி விழும், அதைப் பார்த்தே பலர் உஷாராகிவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் உள்ள பச்சைப் பட்டனை அமுக்கினால் செய்தி ஃபார்வர்ட் ஆவதில்லை, நாமே புதிதாக எழுதியதைப்போல் போகிறது. அம்புக்குறியும் விழாது. வாங்குகிறவர் "மாமி அனுப்பியிருக்காங்க, சரியாத்தான் இருக்கும்" என்று திறப்பார். பக்கத்தின் அடியில் நன்றி சொல்லிக் குவிந்திருக்கும் பின்னூட்டங்களில் எந்தப் பெயரை அமுக்கினாலும் ஒன்றும் திறக்கவில்லை. எல்லாம் வெறும் எழுத்து. முகவரியில் கடைப் பெயர் இருந்தது, ஆனால் நடுவில். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் வரும் கடைசித் துண்டுகள்தான் உண்மையான சொந்தக்காரரைக் காட்டும், அது என்னவோ எண்ணும் எழுத்தும் கலந்த குப்பை.

பையனைத் திட்டவில்லை. குழுவில் அவனையே எழுதச் சொன்னேன்: "இது பொய், திறக்க வேண்டாம்." அவன் எழுதினால்தான் இளசுகள் கேட்கும்.

செப்டம்பர் 28, சனி

இரண்டாவது சனிக்கிழமை. கோயிலில் கூட்டம். பூஜை முடிந்து மண்டபத்தில் இலை போடும்போது பேச்சு இதில்தான் வந்து நின்றது. ஒரு அக்காவுக்கு வேறு மாதிரி: சாம்பிளுக்காக செல் நம்பர் மட்டும் கொடுத்தாராம், அன்றிலிருந்து தினமும் ஏர்டைமில், அதாவது போனில் முன்கூட்டியே போட்டு வைத்த காசில், சில ராண்ட் கரைகிறது. ஏதோ ஜோதிடச் சேவையில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். சேவையை நிறுத்த எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு, நெட்வொர்க்குக்கும் போன் போட்டு, என்னென்ன சந்தா ஓடுகிறது என்று கேட்கச் சொன்னேன். இந்த மாதிரிச் சேவைக்காரர்களுக்கு வாஸ்பா என்று ஒரு சங்கம் இருக்கிறது, அங்கேயும் புகார் எழுதலாம்.

இன்னொரு பாட்டி சர்க்கரை வியாதிக்கு இலவசச் சொட்டு மருந்து வருகிறதாமே என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கஷ்டமே இல்லை, கெமிஸ்ட் கடையில் தினமும் பார்க்கிற சங்கதி. 1965-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தில் பிறகு சேர்த்த 18பி பிரிவு, மருந்துக் கம்பெனிகள் டாக்டருக்கோ பார்மசிக்கோ சாம்பிள் கொடுப்பதையே தடுக்கிறது. எங்கள் கடைக்கு வருகிற மருந்துக் கம்பெனி ரெப் (விற்பனைப் பிரதிநிதி) பேனா கொடுப்பார், மாத்திரை கொடுக்கமாட்டார். டாக்டருக்கே கிடைக்காத சாம்பிள் பாட்டிக்கு எப்படி வரும்? "மருந்தா இருந்தா சாம்பிள் இருக்காது பாட்டி, சாம்பிளா இருந்தா அது மருந்து இல்ல" என்றேன். குழந்தைகளின் பால் பவுடரும் அப்படித்தான், 2012-லிருந்து அதற்கும் சாம்பிள் கொடுக்கக்கூடாது. கைக்குழந்தைக்காரிகள் மூன்று பேர் பக்கத்தில் இருந்ததால் அதையும் சத்தமாகச் சொல்லி வைத்தேன்.

அப்படியானால் எல்லாமே பொய்யா என்று அந்த அக்கா கேட்டார். இல்லை. போன வருஷம் எனக்கே துணி சோப்புத்தூள் பாக்கெட் ஒன்று வந்தது. கம்பெனியின் சொந்தத் தளத்தில் பெயர், முகவரி, மின்னஞ்சல் கேட்டார்கள். கார்டு பற்றிப் பேச்சே இல்லை. விளம்பரம் அனுப்பலாமா என்ற கட்டத்தில் டிக் போடாமல் காலியாக விட்டிருந்தார்கள், வேண்டுமென்றால் நாம் போடலாம். பாக்கெட் வந்தபோது எனக்கு மறந்தே போயிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்கும் லாபம் இல்லாமல் இல்லை, என் முகவரி அவர்களிடம் இருக்கிறது. இதற்கென்றே தனியாக ஒரு மின்னஞ்சல் வைத்திருக்கிறேன்.

அடையாள எண்ணைக் கேட்டால் மட்டும் உடனே மூடிவிட வேண்டும். சோப்புத்தூளுக்கு எதற்கு அடையாள எண்? ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் எஸ்ஏஎஃப்பிஎஸ் என்கிற மோசடித் தடுப்பு அமைப்பில் இலவசமாகவே பதிந்துகொள்ளலாம். நம் பெயரில் யாராவது கடன் கேட்டால் அங்கே எச்சரிக்கை நிற்கும்.

அக்டோபர் 3, வியாழன்

கிரீம்காரர்களிடமிருந்து ஆன்ட்டிக்குப் பதில் வந்திருக்கிறது. மிகவும் மரியாதையான கடிதம். டப்பாவை வைத்துக்கொள்ளுங்கள், 35 சதவீதம் திருப்பித் தருகிறோம், பேங்க் புகாரை வாபஸ் வாங்குங்கள். ஆன்ட்டி கொஞ்சம் இளகிவிட்டார். அனுப்பாதீர்கள், பதிலே வேண்டாம் என்றேன். சாயங்காலத்துக்குள் 50 ஆயிற்று. ஊர்ச் சந்தையில் புடவைக்காரர்கூட இவ்வளவு வேகமாக இறங்கி நான் பார்த்ததில்லை. பேங்க் புகார் அதிகமானால் கார்டில் பணம் வாங்கும் வசதியையே கடை இழக்கலாம், அந்தப் பயம்தான். இரண்டு கடிதத்தையும் பேங்குக்கு அனுப்பினோம்.

அக்டோபர் 14, திங்கள்

அடுத்த மாதத் தவணை நாள். பழைய கார்டு செத்துவிட்டதால் ஒன்றும் போகவில்லை. ஆன்ட்டி காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அக்டோபர் 22, செவ்வாய்

1,449 ராண்ட் கணக்குக்கு வந்துவிட்டது. ஆன்ட்டி ஒரு டப்பா முறுக்கோடு வந்தார், தீபாவளிக்கு முன்னாலேயே சுட ஆரம்பித்துவிட்டார்கள். 79 ராண்ட் வரவில்லை. அது அவரே சம்மதித்துக் கட்டியது, திருப்ப முடியாது என்று பேங்க் எழுதியிருக்கிறது. பெரிய தொகை வந்த சந்தோஷம் பத்து நிமிஷம்தான். 79 ராண்டுக்கு எத்தனை கட்டு கொத்தமல்லி வாங்கியிருக்கலாம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.