டைல்ஸ் ஒரு பக்கம், பெயிண்ட் மறுபக்கம்: ஒரு சுவரின் பூச்சு வேலை

குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருக்கும் சுவர் அது. ஒரு பக்கம் டைல்ஸ் ஒட்ட வேண்டும், மறுபக்கம் பெயிண்ட். இரண்டு பக்கமும் பூச்சு உதிர்ந்திருந்தது. போன வருஷம் படுக்கையறைப் பக்கம் பட்டி, அதாவது சுவரை வழவழப்பாக்கும் பசை, வைத்து அடைத்தேன். சில மாதங்களிலேயே உப்பிக்கொண்டு விழுந்துவிட்டது. ஈரம் உள்ளேயே இருக்க, மேலே மூடியதுதான் தப்பு.

இந்த முறை முதலில் ஈரத்தின் ஊற்றைத் தேடினேன். சுவருக்குள் போகும் குழாயின் எல்போவில், அதாவது குழாய் திரும்பும் மூட்டில், நூல் மாதிரி கசிவு. அதை மாற்றிய பிறகுதான் சுவரில் கை வைத்தோம்.

கொத்தனார் சுத்தியலின் கைப்பிடியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல பூச்சு 'டக் டக்' என்று கெட்டியாகச் சொல்லும். செங்கல்லை விட்டுப் பிரிந்த இடம் 'டொப்' என்று பொக்கையாகச் சொல்லும். பொக்கையான இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்தார். கையகலம் உதிர்ந்திருந்த இடம் கதவு அகலத்துக்கு வந்து நின்றது. மனசு கனத்தது. ஆனால் உளி வைத்ததும் பூச்சு பலகை பலகையாகக் கையோடு வந்தபோது, காது சொன்னதுதான் சரி என்று தெரிந்தது.

உள்ளே செங்கல்லில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளினோம். அப்புறம் சுவரைச் சும்மா விட்டேன். அவ்வப்போது ஒரு பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பார்ப்பேன். சுவரைப் பார்த்த பக்கம் துளி கோத்திருந்தால் இன்னும் ஈரம் வெளியே வருகிறது என்று அர்த்தம். மூன்று வாரம் ஆனது.

காயவிட்ட சுவரைப் பூசும் முன் மறுபடி நனைப்பதா என்று தோன்றும். நனைத்தே ஆக வேண்டும். உலர்ந்த செங்கல் கலவையின் தண்ணீரைக் குடித்துவிட்டால் சிமெண்ட் இறுகாது. லேசாக நனைத்து, சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) அடித்து, அது காய்வதற்குள் ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு நாலு பங்கு மணல் என்ற 1:4 கலவையைப் பூசினார்கள். ஒரு தடவைக்கு 12 மி.மீ. அளவுதான். பள்ளம் ஆழமாக இருந்த இடத்தில் இரண்டு தடவை. முதல் பூச்சில் கரண்டி முனையால் கீறிவிட்டார்கள், அடுத்தது பிடித்துக்கொள்ள. ஏழு நாள் தண்ணீர் காட்டினோம்.

டைல்ஸ் பக்கத்தை மட்டக்கோல் வைத்து நேர் பார்த்ததோடு நிறுத்தி, சொரசொரப்பாகவே விடச் சொன்னேன். அங்கே பட்டி கூடவே கூடாது. பட்டி உரிந்தால் டைல்ஸும் சேர்ந்து வரும். மிச்சமிருந்த பழைய பெயிண்ட்டையும் சுரண்டிக் கொத்திவிட்டார்கள். வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு காய்ந்த பிறகுதான் டைல்ஸ் ஒட்டினார்கள்.

பெயிண்ட் பக்கம்தான் பொறுமையைச் சோதித்தது. புதுப் பூச்சில் சிமெண்ட்டின் காரத்தன்மை (ஆல்கலி) அதிகம், அவசரப்பட்டால் பெயிண்ட்டைத் தின்றுவிடும். 28 நாள் விட்டேன். பிறகு பழைய பாலித்தீன் தாளையே எடுத்து அதே இடத்தில் ஒட்டினேன். மறுநாள் காலையில் தாள் உலர்ந்தே இருந்தது. அன்றைக்குத்தான் பிரைமர் டப்பாவைத் திறந்தேன்.