நல்ல தண்ணி

2022 ஏப்ரலில் ஐந்து பல்கலைக்கழகங்களிடமிருந்து எனக்குப் பதில் வந்தது. ஐந்துமே இடமில்லை என்ற பதில்தான். கடைசிப் பதிலைப் பார்த்தபோது நான் வேலை பார்த்த மளிகைக் கடையின் பின்கட்டில், இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டைகளுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டு மிச்ச மூட்டைகளுக்கும் ஒட்டி முடித்தேன். அழுகை வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் வந்தது.

நாங்கள் கலிஃபோர்னியாவுக்கு வந்தது 2018இல். அத்தை இங்கே குடியுரிமை வாங்கி, தம்பியான அப்பாவுக்குக் குடியேற்ற மனுப் போட்டபோது எனக்கு மூன்று வயது. முறை வந்து மும்பைக்கு விசா நேர்காணலுக்குப் போனபோது பதினேழு. அதற்குள் அப்பா கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியே தலை நரைத்துவிட்டார். "உனக்காகத்தான் தாயி போறோம்" என்று விமானம் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். ஃப்ரீமாண்டில் அத்தை வீட்டில் நான்கு மாதம் இருந்துவிட்டு, ஒரு படுக்கையறை வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். அப்பாவுக்கும் எனக்கும் ஒரே மளிகைக் கடையில் வேலை.

இங்கே எங்களைப் போன்றவர்களுக்குப் படிப்பின் வாசல் கம்யூனிட்டி காலேஜ்தான். மார்க் பார்த்து யாரையும் ஒதுக்குவதில்லை. பாடங்களின் அளவை யூனிட் என்று கணக்கிடுவார்கள். இரண்டு வருடம் அங்கே படித்து 60 யூனிட் முடித்தால், பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதைத்தான் டிரான்ஸ்ஃபர் என்கிறார்கள். மாநிலத்தில் குடியிருப்பவருக்குக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். வெளியார் என்றால் அது பல மடங்கு. ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே குடியிருந்த பிறகுதான் உள்ளூர்க்காரர் கணக்கில் சேர முடியும் என்பதால், முதல் வருடம் முழுக்கக் கடை வேலை. 2019 ஆகஸ்டில் காலேஜில் சேர்ந்தேன். கெமிக்கல் இன்ஜினியரிங் என்பது என் கனவு. அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது. வேதியியல் ஆய்வகத்தைக்கூட, அம்மா வெங்காயம் நறுக்கும் மேசையில் உட்கார்ந்து திரையில்தான் பார்த்தேன்.

நான் செய்த தவறுகளை மறைக்காமல் சொல்கிறேன். இப்போது ஊரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அது உதவும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பு உள்ள ஒன்பது வளாகங்களில் ஆறு, கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு இட உத்தரவாதம் தருகின்றன. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். இந்த ஆறில் ஏதாவது ஒன்றைக் கேட்கலாம். சில பாடப்பிரிவுகளுக்குக் கிடையாது, கேட்கும் மதிப்பெண்ணும் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் பொது விண்ணப்பம் நவம்பர் கடைசி வாக்கில் முடியும் என்றால், இந்த உத்தரவாதத்துக்குச் செப்டம்பர் முடிவதற்குள் எழுதிப் போட வேண்டும். நான் போடவில்லை. உத்தரவாதம் என்றதும் அது மார்க் குறைந்தவர்களுக்கான சலுகை என்று நினைத்துவிட்டேன். மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகமான கால் ஸ்டேட்டின் வளாகங்களுக்கும் அதே மாதிரி ஒரு எண்ணத்தில் விண்ணப்பிக்காமல் விட்டேன். அங்கே படித்து நல்ல நிலையில் இருக்கும் பலரை இப்போது தெரியும். அன்றைக்கு எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை.

இன்னொன்று ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. அதன் இரண்டாம் பகுதியை முடிக்காமலே விண்ணப்பித்தேன். வாரத்துக்கு இருபத்தைந்து மணி நேரம் கடையில் நின்றுவிட்டு அந்த வகுப்பையும் சமாளிக்க முடியவில்லை. எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தைக் கேட்கிறது என்பதெல்லாம் அசிஸ்ட் என்ற இணையதளத்தில் ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறது. அதை முதல் செமஸ்டரிலேயே பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது நாலாவது செமஸ்டரில்.

அந்த மே மாதம் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அம்மா எதையும் கேட்காமல் எனக்குப் பிடித்த புளிக்குழம்பாக வைத்துக்கொண்டிருந்தாள். அத்தை போன் செய்தால் அப்பா வாசலுக்கு எழுந்து போய்ப் பேசுவார். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்க்கா" என்று அவர் மெதுவாகச் சொல்வது சன்னல் வழியாகக் கேட்கும். பதினான்கு வருடம் காத்திருந்த மனிதர் என்னால் இன்னொரு தடவை காத்திருக்கிறாரே என்பதுதான் எனக்கு வலித்தது.

கோடைக்கால வகுப்புப் பட்டியலில் மிச்சமிருந்த ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான், வேறொரு கம்யூனிட்டி காலேஜில் குடிநீர்ச் சுத்திகரிப்பு என்று ஒரு வகுப்பு கண்ணில் பட்டது. மூன்று யூனிட், 138 டாலர், மாலை நேரம். எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அந்தப் பெயரைத் தாண்டிப் போக மனம் வராது.

கோவில்பட்டி கரிசல் பூமி. ஊரில் ஆறு கிடையாது. குடிக்கிற தண்ணீர் தாமிரபரணியிலிருந்து, சீவலப்பேரியில் எடுத்துக் குழாய் வழியாக வர வேண்டும். எங்கள் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவை வரும், கோடையில் இன்னும் தள்ளிப் போகும். அதுதான் நல்ல தண்ணி. மற்ற வேலைக்கெல்லாம் ஆழ்குழாயின் உப்புத் தண்ணி. எப்போது திறந்துவிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. விடிகாலை இரண்டு மணிக்குக் குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டால் தெருவே எழுந்துவிடும். பச்சை, சிவப்பு, நீலம் என்று குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். முதலில் வரும் மண்டியைக் கீழே விட்டுவிட்டு, தெளிந்ததும் அண்டா, தொட்டி, குக்கர் வரைக்கும் நிரப்புவோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அன்று காலையிலும் நான் பதினெட்டுக் குடம் தூக்கிவிட்டுத்தான் பள்ளிக்குப் போனேன். தெருமுனைக் குழிக்குள் இறங்கி வால்வைத் திருகும் நகராட்சிக்காரர் எங்கள் கண்ணுக்குக் கலெக்டரைவிடப் பெரியவர்.

வகுப்பெடுத்தவர் முப்பது வருடம் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே ஒரு எண்ணைத் திரையில் எழுதினார், 8.34. ஒரு கேலன் தண்ணீரின் எடை, பவுண்டில். ஒரு நாளைக்கு எத்தனை மில்லியன் கேலன் ஓடுகிறது, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து வேண்டும், இரண்டையும் பெருக்கி 8.34ஆல் பெருக்கினால் அன்றைக்குக் கலக்க வேண்டிய மருந்தின் பவுண்டுக் கணக்கு வந்துவிடும். பத்து மில்லியன் கேலன் ஓடி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்றால் 166.8 பவுண்டு. லிட்டரும் கிலோவுமாக வளர்ந்த எனக்கு இந்த ஊர் அளவுகள் நான்கு வருடமாக ஒட்டவே இல்லை. இந்த ஒரு எண் வந்ததும் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. அன்றிரவு வெகுநாளைக்குப் பிறகு சிரித்த முகத்தோடு சாப்பிட்டேன் என்று அம்மா இன்றும் சொல்வாள்.

ஆகஸ்டில் ஒரு நிலையத்தைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். ஆய்வறையில் ஒரு கருவி இருந்தது. வரிசையாக ஆறு கண்ணாடிக் குடுவைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னத் துடுப்பு. ஆறிலும் ஒரே கலங்கல் தண்ணீர். ஒவ்வொன்றிலும் படிகாரக் கரைசலை வேறு வேறு அளவில் விட்டார் அங்கிருந்த ஆபரேட்டர். முதலில் துடுப்புகள் வேகமாகச் சுழன்றன. பிறகு வேகத்தைக் குறைத்தார். சில நிமிடங்களில் நான்காவது குடுவைக்குள் பொரி பொரியாகத் திரள ஆரம்பித்தது. துடுப்பை நிறுத்தியதும் அந்தத் திரள் மெதுவாக அடியில் இறங்கியது, மேலே தண்ணீர் பளிங்கு மாதிரி நின்றது. மற்ற ஐந்தும் அந்த அளவுக்குத் தெளியவில்லை. மருந்து குறைந்தாலும் தெளியாது, கூடினாலும் தெளியாது.

நான் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். ஆச்சி நினைவுதான். ஆச்சியின் கிராமத்தில் ஊருணித் தண்ணீரைத்தான் குடிப்பார்கள், செம்மண் நிறத்தில் இருக்கும். ஆச்சி தேத்தாங்கொட்டையை எடுத்து மண்பானையின் உள்பக்கம் சுற்றிச் சுற்றி உரசுவாள். பிறகு தண்ணீரை ஊற்றி மூடி வைப்பாள். காலையில் அடிவரை தெரியும். எவ்வளவு உரச வேண்டும் ஆச்சி என்று கேட்டால், "தண்ணியப் பாத்தா கை சொல்லும்" என்பாள். மண்துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னேற்றத்தைத் தணித்து, அவற்றை ஒட்டிச் சேரவைப்பதுதான் இந்தப் படிகாரத்தின் வேலை. கொட்டையில் இருப்பதும் அதே மாதிரி துகள்களைத் திரட்டுகிற பொருள்தான். நான் கெமிக்கல் இன்ஜினியரிங்கில் தேடிக்கொண்டிருந்த வேதியியல் ஆச்சியின் பானைக்குள் இருந்திருக்கிறது.

அன்று முடிவு செய்தேன். அடுத்த நவம்பருக்கு மறுபடி விண்ணப்பம் எழுதவில்லை.

இந்த மாநிலத்தில் குடிநீர் ஆபரேட்டர்களுக்கு நீர்வள வாரியம் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. டி1 முதல் டி5 வரை ஐந்து நிலை. முதல் நிலைக்குப் பள்ளிப்படிப்பு போதும். இரண்டாவதற்கு 36 மணி நேர வகுப்பு ஒன்று கூடுதலாக வேண்டும், அது என்னிடம் இருந்தது. மூன்றாவதிலிருந்து வேலை அனுபவம் கேட்பார்கள். 2023இல் இரண்டாம் நிலை தேறினேன். அதற்குப் பிறகு வேலை கிடைக்கப் பத்து மாதம் ஆனது. பதினொரு இடம் போட்டேன், மூன்றில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், மூன்றாவதில் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி ஆபரேட்டர். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பாதி நாட்கள் இரவில். என் ஷிப்டில் நான் மட்டும்தான் பெண். முதல் மாதம் பெரிய வால்வின் சக்கரத்தைத் திருப்பக் கை வலுவில்லாமல் தவித்தேன். உடம்பின் எடையை எப்படிக் கொடுப்பது என்று கூட இருந்த ஒரு பெரியவர் காட்டிக் கொடுத்தார். பதினெட்டுக் குடம் தூக்கிய இடுப்புக்கு அது சீக்கிரமே பிடிபட்டது.

அப்பாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "தண்ணி திறந்துவிடுற வேலைக்கா தாயி இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, குரல் உடைந்துபோய்க் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பொதுமக்கள் பார்வையிடும் நாள் ஒன்றில் அவரை நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். வடிகட்டித் தொட்டிகளின் மேல் நடந்து வந்தார். கலங்கல் அளவைக் காட்டும் திரையின் முன் நிறுத்தி விளக்கினேன். மாதத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவீடுகள் 0.3க்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம், ராத்திரி மூன்று மணிக்கு அது ஏறினால் காரணம் கண்டுபிடிக்க வேண்டியது நான்தான் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தார். கணக்கு எழுதியவர் அல்லவா, "இத யாரு எழுதி வைக்கிறது?" என்று கேட்டார். பதிவேட்டைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டி, கூட்டல் சரியா என்று ஒரு வரியை விரலால் தடவிப் பார்த்தார். அத்தைக்கு அன்றைக்கு அவரே போன் செய்தார். வாசலுக்கு எழுந்து போகவில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே பேசினார்.

இப்போது டி3க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு ஷிப்டில் பத்து மணி வாக்கில் ஓய்வு நேரம் வரும், அப்போது கோவில்பட்டியில் திங்கள் காலை. ஆச்சிக்குப் போன் போடுவேன். நலம் விசாரிப்பதற்கு முன்னால் எங்கள் இருவருக்கும் ஒரே கேள்விதான். "தண்ணி வந்துச்சா ஆச்சி?" என்று நான் கேட்பேன். "இன்னும் இல்ல. அங்க?" என்பாள் ஆச்சி. "இங்க ஓடிக்கிட்டே இருக்கு ஆச்சி, நான்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்பேன்.