குழாய் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்

பின்தங்கிய குடியிருப்புகளைத் தூக்கி நிறுத்தும் வேலைக்கு வர என்ன படிக்கலாம் என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஒரு தண்ணீர்க் குழாய்தான் ஞாபகம் வரும்.

சமூகப்பணி முதுகலையில் முதல் களப்பணி. வீடு வீடாகக் கணக்கெடுப்பு. படிவத்தில் ஒரு கேள்வி: 'தெருவில் குடிநீர்க் குழாய் உள்ளதா? ஆம் / இல்லை.' நாற்பது வீட்டிலும் 'ஆம்' என்று டிக் அடித்தேன். சரி, தண்ணீர்ப் பிரச்சினை இல்லை என்று அறிக்கையிலும் எழுதிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, அந்தத் தெருப் பெண்களையே தரையில் சாக்பீஸால் தங்கள் பகுதியை வரையச் சொன்னோம். ஒரு அம்மா குழாயை வரைந்துவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு நிலாவைப் போட்டார். ஏன் என்று கேட்டேன். "தண்ணி ராத்திரி ரெண்டு மணிக்குத்தானே வரும்" என்றார். அந்தத் தெருப் பெண்கள் பகலில் வேலைக்குப் போக முடியாததற்கும், பிள்ளைகள் வகுப்பில் தூங்கி விழுவதற்கும் காரணம் அந்த நிலாவில் இருந்தது. என் படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

அதனால் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டத்தின் பெயரைவிடக் களப்பணியைப் பாருங்கள். எத்தனை நாள், அதுவும் ஒரே இடத்திலா என்று சீனியர்களிடம் விசாரியுங்கள். பத்து இடங்களைச் சுற்றிக் காட்டும் படிப்பைவிட, ஒரே குடியிருப்புக்கு ஒரு வருடம் போக வைக்கும் படிப்பு மேல். மற்றபடி நகரத் திட்டமிடல், கட்டடக்கலை, சிவில், பொதுச் சுகாதாரம், சட்டம், கணக்கியல் என்று எந்தப் பக்கமிருந்தும் இதற்குள் வரலாம். நில உரிமைச் சிக்கலை அவிழ்க்க ஒரு வக்கீல் கிடைக்காமல் முடங்கும் திட்டங்கள் உண்டு.

தேர்வுக்கு வருவோம். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-ல் எழுதிய 'மக்கள் பங்கேற்பின் ஏணி' என்ற கட்டுரை கட்டாயம் வரும். அதன் எட்டுப் படிகளையும் மனப்பாடம் செய்து எழுதினேன்; மதிப்பெண் பாதிகூட வரவில்லை. அடுத்த பருவத்தில் ஒரு உண்மையான திட்டத்தை எடுத்து, அது எந்தப் படியில் நிற்கிறது, ஏன் என்று வாதிட்டேன். மதிப்பெண் ஏறியது. ஏணியின் சாரம் இதுதான்: கீழ்ப்படிகளில் மக்களைக் கூட்டி உட்கார வைக்கிறார்கள், நடுப்படிகளில் கருத்துக் கேட்கிறார்கள், மேல்படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் மக்கள் கைக்குப் போகிறது.

இதற்கு நான் எப்போதும் உதாரணமாக எடுப்பது ஒராங்கி; பாகிஸ்தானின் கராச்சியில் உள்ள ஏழைகளின் குடியிருப்பு. 1980-ல் அக்தர் ஹமீது கான் என்ற சமூக அறிவியலாளர் அங்கே வேலையைத் தொடங்கினார். வீட்டுக் கழிப்பறை, சந்துக்குள் ஓடும் கழிவுநீர்க் குழாய் இரண்டையும் மக்களே காசு போட்டு, தாங்களே மேற்பார்வை பார்த்துப் பதித்தார்கள். திட்டக்காரர்கள் வரைபடமும் தொழில்நுட்ப உதவியும் கொடுத்தார்கள். பெரிய பிரதானக் குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. யார் எதைச் செய்ய முடியும் என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்த உதாரணம் வேறு எனக்குத் தெரியாது. கூடவே தாய்லாந்தில் 2003-ல் தொடங்கிய பான் மங்கொங் என்ற வீட்டுவசதித் திட்டத்தையும் படியுங்கள். அதில் வீட்டுக் கடன் தனியாளுக்குப் போகாமல் குடியிருப்பின் கூட்டுறவுக்குப் போகிறது. தோற்றுப்போன உதாரணத்துக்கு, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அரசு கட்டிய ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பு: பதினொரு மாடியில் 33 கட்டடங்கள், 1950-களில் கட்டி, 1972-லேயே இடிக்கத் தொடங்கினார்கள். 'வடிவமைப்புதான் காரணம்' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். பராமரிப்புக்குப் பணம் வாடகையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. நகரத்தில் மக்கள் தொகை குறைந்து, வீடுகள் காலியாகி, அந்த வருமானமும் வற்றியது. இதை எழுதினால் விடை தனித்துத் தெரியும்.

அப்புறம் வேலை. உள்ளாட்சி அமைப்புகள், வீட்டுவசதி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், வளர்ச்சி வங்கிகள், ஆலோசனை நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இடம் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று வருட ஒப்பந்தம். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். சேரும் முன் இதை நேராகக் கேட்டுவிடுங்கள். எக்செல் நன்றாகத் தெரிந்திருக்கட்டும், ஒரு பட்ஜெட்டைப் படித்து 'இந்தப் பணம் எங்கே போகிறது' என்று கேட்கத் தெரிந்திருக்கட்டும். கணினியில் வரைபடம் போட உதவும் கியூஜிஐஎஸ் (QGIS) மென்பொருள் இலவசம், விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தெரு அழகானதும் வாடகை ஏறும். பழைய ஆட்கள் வெளியேறுவார்கள். ஆண்டறிக்கையில் அந்தப் பகுதி முன்னேறியதாகவே தெரியும். எந்தத் திட்டத்தைப் பற்றிப் படித்தாலும், ஐந்து வருடம் கழித்து அதே குடும்பங்கள் அங்கே இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள்.

என் முதல் நேர்முகத் தேர்வில், "கூட்டம் போட்டால் மக்கள் வருவதில்லை, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். இன்னும் நன்றாக விளம்பரம் செய்வேன் என்றேன்; வேலை கிடைக்கவில்லை. அடுத்த இடத்திலும் கிட்டத்தட்ட அதே கேள்வி. "கூட்டம் எத்தனை மணிக்கு வைத்தீர்கள், அந்த நேரத்தில் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் களப்பணி செய்த இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். அந்த நிலாவிலிருந்து ஆரம்பித்தேன்.