நடை சாத்தும் நேரம்

மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு கிடைத்ததும் பலரும் உடனே பட்டியல் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். திருப்பரங்குன்றம், அழகர்கோவில், பழமுதிர்சோலை, நடுவில் பத்து நாள் மௌன முகாம். ஆபீஸ் எக்செல் ஷீட்டைக் கோயிலுக்குத் தூக்கி வந்த கதைதான். மதுரையில் ஓர் அறை எடுத்து, தினமும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போய்வருவது எவ்வளவோ மேல்.

விடுப்பு கெடுவது பெரும்பாலும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே. வேலையை ஒப்படைக்கும் ஹேண்டோவர் மெயிலின் கடைசியில் 'அவசரம் என்றால் கூப்பிடுங்கள்' என்று ஒரு வரி இருக்கும். எது அவசரம் என்று சொல்லாததால் எல்லாமே அவசரமாகிவிடும். பொறுப்பேற்பவர் யாரையும் கேட்காமல் எதையெல்லாம் முடிவு செய்யலாம் என்று எழுதிவிட்டு, அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

விடியற்காலைக்குக் கொங்கர் புளியங்குளம் நல்ல இடம். தேனி சாலையில் சுமார் 15 கி.மீ. பாறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சமணர் படுக்கைகள், அதாவது சமணத் துறவிகளுக்காக வெட்டிய கல் படுக்கைகள். குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பதைப் பாருங்கள்: மேலிருந்து வழியும் மழைநீர் அதைத் தாண்டி உள்ளே வராமல் வெளியே சொட்டிவிடும். தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழி எழுத்துகளும் அங்கே உண்டு. (படுக்கைகளில் பெயர் செதுக்கிய நவீன எழுத்தாளர்களைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.) படுக்கைமேல் உட்காராமல் வெளிப்பாறையில் உட்கார்ந்து தியானம் செய்யலாம். வெயில் ஏறினால் பாறை சுடும், எட்டரைக்குள் இறங்கிவிட வேண்டும்.

நாற்காலியிலேயே ஊறிப்போன இடுப்பு சம்மணத்துக்கு ஒத்துழைக்காது. முட்டி இடுப்பைவிட உயர்ந்து நின்றால் முதுகு வளைந்து, இருபதாவது நிமிடத்தில் வலி பிடிக்கும். கனமான துண்டை நான்காக மடித்து அடியில் வைத்தால் முட்டி தானாக இறங்கும். முதல் வாரம் இருபது நிமிடம் போதும். கண்ணை மூடியதும் பாதியில் விட்ட வேலையெல்லாம் வரிசையாக வரும். விரட்டப் பார்த்தால் இன்னும் கூடும்.

இரவுக்கு மீனாட்சியம்மன் கோயில் பள்ளியறை பூஜை. 2018 தீ விபத்துக்குப் பிறகு கைபேசிக்கு உள்ளே அனுமதியில்லை, வாசலில் ஒப்படைத்து டோக்கன் வாங்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் சுந்தரேசுவரரின் பாதுகைகள் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்கு வரும். தீபாராதனை, பிறகு நடை சாத்துவார்கள். மதியமும் சாத்துகிற கோயில்தான் இது. எவ்வளவு கூட்டம் நின்றாலும் நடை சாத்தும் நேரம் உண்டு. ஆபீஸில் அப்படியொரு நேரம் கிடையாது.

டோக்கனைக் கொடுத்துக் கைபேசியை வாங்கியதும் ஆன் செய்யாதீர்கள். சித்திரை வீதியை ஒரு சுற்றுச் சுற்றி, பசித்தால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போங்கள். கைபேசி காலைவரை அணைந்தே கிடக்கட்டும்.